ஆரஞ்சு வயரைத் தொடாதே!

கார் டாஷ்போர்டுக்குள் போன் அடித்தது!

ரேடியோ அல்ல. ரேடியோவைத்தான் கழற்றி மெக்கானிக் மடியில் வைத்திருந்தானே. அது இருந்த இடத்தில் இப்போது பல் பிடுங்கிய வாய் மாதிரி ஒரு சதுரப் பொந்து. அந்தப் பொந்துக்குள்ளிருந்துதான் சத்தம்...

டிர்ரிங்... டிர்ரிங்...

மெக்கானிக் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு கல்லாய்ச் சமைந்தான்.

கடைத்தெருவில் அவனுக்கு 'டப்பா' என்று பெயர். எந்த ரேடியோவைக் கொண்டுவந்தாலும் முதலில், "இந்த டப்பாவா?" என்று உதட்டைப் பிதுக்குவான். பொருளை மட்டம் தட்டிவிட்டுத்தான் பேரத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவன் அப்பன் காலத்துப் பாடம். கடைசியில் பட்டம் அவனுக்கே ஒட்டிக்கொண்டது.

காருக்கு வெளியே, கடையின் ஒரே நாற்காலியில், கார் சொந்தக்காரர். ஊருக்கு வெளியே அவருக்குச் சில குடோன்கள். உள்ளே என்ன சரக்கு என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் தடவை கேட்டவர்கள் கிடையாது. குடோன்காரர் என்று சொன்னால் தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அவருக்குப் பின்னால் அவருடைய ஆள் நின்றான். பெயர் சம்மட்டி. தொழிலும் அதேதான்.

குடோன்காரர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சம்மட்டி தன்னுடையதைத் தொட்டுப் பார்த்தான்.

"உன் போனா?" என்றார் மெக்கானிக்கிடம்.

"என்னோடது மேஜை மேல சார்ஜ்ல கெடக்குதுங்க."

"அப்ப அடிக்கிறது?"

"உங்க காருங்க."

சம்மட்டியின் நெற்றியில் வியர்வை முத்து கட்டியது. உச்சி வெயில் நேரம்; வியர்ப்பதில் தப்பில்லை. ஆனால் மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு வியர்ப்பது...

டப்பா அதைக் கவனித்தான். கொஞ்சம் முன்னாலேயே வேறு இரண்டு விஷயங்களையும் கவனித்திருந்தான்.

கார் வந்து நின்றதும் குடோன்காரர் சொன்ன புகார் ஒரே வரி. பகலில் ரேடியோ டிஸ்ப்ளேயில் ஓர் எழுத்தும் தெரியவில்லை, இருட்டிய பிறகு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. கடைப் பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னதாகச் சொன்னார். இவன் எப்படி, வேலை தெரிந்தவனா என்று சம்மட்டியிடம் கேட்டார். இந்தக் கடையையே இப்போதுதான் பார்க்கிறேன் முதலாளி என்றான் அவன். பழசைப் போட்டுவிட்டுப் புது ரேடியோ வாங்கிவிடலாமே என்று ஆரம்பித்தான். வரும் வழியெல்லாம் இதே பாட்டைப் பாடி என் உயிரை எடுக்கிறான் என்று முதலாளி அலுத்துக்கொண்டார்.

அப்புறம் சம்மட்டி மெக்கானிக்கின் காதருகே குனிந்தான். ரேடியோவை வெளியே எடுக்காமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்ய முடியாதா?

"பல்லு வலின்னா வாயைத் திறந்துதானே ஆகணும்ணே," என்றான் டப்பா.

அது ஒன்று.

இன்னொன்று, பின்கதவு. கடையின் பின்கதவு, எந்தப் பக்கமிருந்தும் சும்மா திறக்காது. தாழ்ப்பாளை ஒரு விரல் மேலே தூக்கி, இடப்பக்கம் நெட்டி, பிறகு இழுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மல்லுக்கட்டித் தோற்று, 'தம்பி, கதவு!' என்று கூப்பிடுவார்கள். சம்மட்டி ஒன்றுக்குப் போகப் பின்பக்கம் போனான். தூக்கினான், நெட்டினான், இழுத்தான். போய்விட்டு வந்தான்.

எடைக்கு நிற்காத படிக்கல்லை வியாபாரி தனியே எடுத்து வைப்பது போல, டப்பா அதை மனசின் ஓரமாக எடுத்து வைத்தான். பிறகு வேலையில் இறங்கிவிட்டான். பிளாஸ்டிக் ஆப்பைச் செருகி, ஓரச் சட்டத்தை நோகாமல் நெம்பி எடுத்து, நாலு மூலை ஸ்க்ரூவையும் கழற்றி, ரேடியோவைத் தன் பக்கம் இழுத்தான்.

ஏதோ ஒரு வயர் பின் பட்டென்று பிடுங்கிக்கொண்ட சத்தம்.

அடுத்த நிமிஷம்தான் அந்த டிர்ரிங்...

"கையை விட்டு எடு," என்றார் குடோன்காரர்.

டப்பா பொந்துக்குள் கையை விட்டான். விரலில் ஒரு மூட்டை தட்டுப்பட்டது. இழுத்தான். பழைய பட்டன் போன். அதன் முதுகில் கட்டிய சார்ஜர். பக்கத்தில் தொங்கும் இயர்போன் வயர். ரேடியோவை இழுத்தபோது பிடுங்கிக்கொண்டது அதன் செருகு பின்தான். இயர்போன் செருகியிருக்கும்வரை இந்த வகைப் போன் வாய் திறக்காது. யாராவது கூப்பிட்டால் தானே எடுத்துக்கொள்ளும். கூப்பிட்டவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். காருக்குள் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையையும்.

ஒட்டுக்கேட்கும் போன்!

ஆனால் டப்பாவின் கண்ணில் குத்தியது அது அல்ல. அந்த மூட்டையைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்.

டேப்பின் கடைசி நுனி முக்கோணமாக மடிக்கப்பட்டிருந்தது. மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி, அழகாக, கச்சிதமாக.

உலகத்தில் வயர் மேல் டேப் சுற்றுகிறவர்கள் கோடிப் பேர். நுனியை முக்கோணமாக மடிக்கிறவள் ஒருத்திதான். பின்னால் பிரிக்கிறவர்களுக்கு நகம் தேயாமல் இருக்கட்டும் என்று காரணம் சொல்வாள். டேப் வீணாகிறது என்று இவன் கத்துவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தச் சண்டை.

அவன் சார்ஜரின் வயர் எங்கே போகிறது என்று பார்த்தான். எப்போதும் கரண்ட் இருக்கிற மஞ்சள் வயரில் சேர்த்திருக்கிறாள். அதோடு நிற்காமல், அதே முடிச்சில் பக்கத்து ஆரஞ்சு வயரையும் சேர்த்துச் சுற்றியிருக்கிறாள்.

ஆரஞ்சு வயர்!

ஹெட்லைட் போட்டால் மட்டும் அதில் கரண்ட் வர வேண்டும். வந்தால், இருட்டிவிட்டது என்று ரேடியோ புரிந்துகொண்டு, கண் கூசாமலிருக்க டிஸ்ப்ளேயை மங்கலாக்கிக்கொள்ளும். இந்த ரேடியோ பட்டப்பகலிலும் ராத்திரி என்றே நம்பிக்கொண்டிருந்ததில் என்ன ஆச்சரியம்?

எத்தனை தடவை தலையில் குட்டிக்கொண்டு சொல்லியிருப்பான், ஆரஞ்சு வயரைத் தொடாதே, ஆரஞ்சு வயரைத் தொடாதே என்று. டாஷ்போர்டு இருட்டில் மஞ்சளும் ஆரஞ்சும் ஒன்றாகத்தான் தெரிகிறது, ஒரு டார்ச் வாங்கிக்கொடுங்கள் என்பாள். கண் எதற்கு இருக்கிறது என்பான் இவன். டார்ச் கடைசிவரை வரவில்லை.

வைத்தவள் அவன் மனைவி. சந்தேகமே இல்லை!

ஏன் வைத்தாள்...? யோசிக்க நேரமில்லை. போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டப்பா முதுகைத் திருப்பி, அந்த முக்கோண நுனியை நகத்தால் கிள்ளி, வாயில் போட்டுக்கொண்டான்.

"என்ன மெல்றே?"

"நகங்க. பயந்தா கடிப்பேன்."

குடோன்காரர் போனை வாங்கினார். திரையில் பேரில்லாத ஏதோ நம்பர். பட்டனை அழுத்திக் காதில் வைத்தார். மறுமுனையில் யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும். யாரென்று கேட்டார். மூச்சும் நின்றது. போனைக் கார் சீட்டில் விட்டெறிந்தார்.

"ஷட்டரை இறக்கு," என்றார் சம்மட்டியிடம்.

ஷட்டர் கடகடவென்று இறங்கியது. தெருச் சத்தம் அறுந்துபோனது. ஒற்றை டியூப் லைட் வெளிச்சத்தில் மூன்று பேர்.

குடோன்காரர் குரலை உயர்த்தவே இல்லை. ஜவுளிக்கடையில் துணியின் நூலைச் சோதிக்கிறவர் மாதிரி, இயர்போன் வயரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தார்.

"இந்தக் காருக்குள்ள நான் பாடினது இல்லே, தம்பி. பேசினது உண்டு. எந்தக் குடோன்ல, எந்தத் தரைக்குக் கீழே, யாரு படுத்திருக்காங்கன்னு பேசியிருக்கேன். பேசினதுல பாதிக்குத் தூக்கு. மீதிக்கு ஆயுள்."

"எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க. ஸ்பீக்கர் வேலை பார்த்துப் பார்த்துக் காது மந்தம்."

"கண்ணு நல்லாயிருக்கில்லே? எழுத்துக்கு ஒரு கை இருக்கிற மாதிரி, வயர் வேலைக்கும் ஒரு கை இருக்கும். இது யாரு கைன்னு பார்த்துச் சொல்லு. எனக்கு அந்த ரெண்டு கையும் வேணும். மணிக்கட்டோட."

டப்பாவுக்குக் கண்ணாடி வளையல் போட்ட இரண்டு மணிக்கட்டுகள் நினைவில் வந்தன.

"தெரியலீங்க ஐயா."

"ஞாபகப்படுத்து," என்றார் குடோன்காரர். இது சம்மட்டிக்கு.

சம்மட்டி மேஜையிலிருந்து பெரிய குறடை எடுத்தான். டப்பாவின் இடது கையை இழுத்து கார் பானெட்டில் வைத்து, முழங்கையை முழங்காலால் அழுத்தினான். சுண்டுவிரலைக் குறடின் வாயில் கொடுத்து...

மளுக்!

டப்பா அலறிய அலறலில் ஷட்டர் அதிர்ந்தது. விரல், போகக்கூடாத பக்கம் பார்த்து நின்றது.

"இன்னும் ஒம்போது இருக்கு," என்றார் குடோன்காரர். "அவசரமில்லே."

அலறி முடித்து மூச்சு வாங்கியபோது, டப்பா ஒன்றைக் கண்டான். விரலை முறித்தவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முறிக்கப்பட்டவன் கையை விட அதிகமாக!

ஏன்?

டப்பாவின் மூளைக்குள் தராசு ஒன்று ஆடியது. தன் கடைச் சரக்கைக் காப்பாற்ற வேண்டுமானால், வந்தவனை வேறு கடைக்குக் கைகாட்டி விடுவதுதான் வியாபாரம். கைகாட்ட இந்த அறையில் வேறு ஒரே ஒரு கடைதான் இருந்தது. அபாண்டம்தான். பாவம்தான். ஆனால் அந்தப் பக்கத் தட்டில் இரண்டு வளையல் கைகள் இருந்தன.

"சொல்லிடறேன்," என்று முனகினான். "இது தொழில்காரன் வேலையே இல்லீங்க. ஆரஞ்சு வயர்ல எந்த மெக்கானிக்கும் கை வெக்க மாட்டான். அதனாலதான் உங்க டிஸ்ப்ளேயே மங்குச்சு. எவனோ கத்துக்குட்டி, அவசரத்துல, திருட்டுத்தனமா வெச்சிருக்கான். வண்டிச் சாவி கையில இருக்கிற ஆளு."

குடோன்காரரின் தலை மெல்லத் திரும்பியது.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்டதான் முதலாளி," என்றான் சம்மட்டி. "எப்பவும் என்கிட்டதானே... அதுக்காக?"

"புது ரேடியோ வாங்கலாம்னு ஏண்டா அழுதே?"

"பழசாயிடுச்சேன்னு..."

"வெளிய எடுக்காம சரி பண்ண முடியாதான்னு இவன் காதுல ஓதினியே. எனக்குக் காது மந்தமில்லே."

சம்மட்டி ஓரடி பின்னால் போனான். குறடு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவன் பார்வை முதலாளியிடமிருந்து ஷட்டருக்கும், ஷட்டரிலிருந்து டப்பாவுக்கும் தாவியது. தண்ணீரில் மூழ்குகிறவன் பக்கத்தில் இருக்கிறவன் காலைப் பிடிப்பான் அல்லவா? பிடித்தான்.

"முதலாளி, இவன் உங்களை ஏமாத்தறான். இது இவன் பொண்டாட்டி வேலை. அவதான் டேப் நுனியை முக்கோணமா மடிப்பா. இவன் அதைப் பிச்சு வாயில போட்டதை நான் பார்த்தேன்."

அவ்வளவுதான். எதைக் காப்பாற்ற விரலைக் கொடுத்தானோ, அது தெருவுக்கு வந்துவிட்டது!

குடோன்காரர் கூரையைப் பார்த்தார். பிறகு மிருதுவாகக் கேட்டார்.

"ஏண்டா, இந்தக் கடையையே இப்பதான் பார்க்கறேன்னு சொன்னியே?"

சம்மட்டி கார்க் கதவில் முதுகை ஒட்டினான்.

"இவனுக்குப் பொண்டாட்டி இருக்கான்னு எப்படித் தெரியும்? அவ வேலை செய்வான்னு எப்படித் தெரியும்? டேப்பை எப்படி மடிப்பான்னு கிட்ட உக்காந்து பார்த்தவனுக்குத்தானேடா தெரியும்?"

டப்பா கடைசிக் கல்லையும் தட்டில் வைத்தான். வைக்கும்போது நாக்கு கசந்தது. "பின்கதவுத் தாழ்ப்பாளை ஒரே இழுப்புல திறந்தாருங்க. பழகின ஆளுங்களுக்குத்தான் வரும்."

அவ்வளவுதான்.

குடோன்காரர் குனிந்து, சக்கரம் கழற்றும் நீண்ட ஸ்பேனரை எடுத்தார். சம்மட்டி கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்ட கைகள் மேலேயே முதல் அடி விழுந்தது. இரண்டாவது காதுக்கு மேலே. அவன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பார்த்தான். பிடி நழுவியது. ரத்தம் கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டு இறங்க, அவனும் கூடவே இறங்கினான். மூன்றாவது அடி தேவையே இல்லை. ஆனாலும் விழுந்தது. கொசுறு!

சம்மட்டி அடங்கிப்போனான்.

குடோன்காரர் வேஸ்ட் துணியில் ஸ்பேனரைத் துடைத்தார்.

"வெக்கச் சொன்னவன் கணக்கு முடிஞ்சுது. வேலை பார்த்தவ பாக்கி. உன் பொண்டாட்டி எங்கே?"

அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், வர நாளாகும் என்றான் டப்பா. பொய் சொல்லும்போது அவனுக்குக் குரல் நன்றாகத்தான் வந்தது. ஆனால் குடோன்காரரின் கண் மேஜைக்குப் போய்விட்டது. அங்கே இரண்டு டிபன் பாக்ஸ்கள், பிரிக்காமல், பக்கம் பக்கமாக.

"ரெண்டு பேர் சாப்பாடு. சாப்பிட வருவா. காத்திருப்போம்."

ரேடியோவிலிருந்து தொங்கிய ஆன்டெனா கேபிளை உருவி, டப்பாவின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். இழுத்துப் பிடித்தால் மூச்சு நிற்கும். தளர்த்தினால் பேச்சு வரும். மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு நின்றார்.

தரையில் ரத்தம் மெல்ல நகர்ந்து டப்பாவின் செருப்பைத் தொட்டது. ஓர் அபாண்டத்துக்கு இவ்வளவு ரத்தமா? ஆனால் அதையும் மீறி ஒரே ஒரு நினைப்புத்தான் ஓடியது. வராதே... இன்றைக்கு மட்டும் வந்துவிடாதே...

டொக் டொக்.

ஷட்டரில் விரல் முட்டியால் தட்டும் சத்தம். வளையல் சத்தம்.

"என்னங்க... ஷட்டரை ஏன் போட்டிருக்கீங்க?"

கேபிள் ஒரு முறை இறுகித் தளர்ந்தது. காதில் குடோன்காரரின் மூச்சு. "உள்ள வரச் சொல்லு. சாதாரணமா."

என்ன சொன்னாலும் இவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஓடு என்றால் கழுத்து போகும். அப்புறம் இவர் ஷட்டரைத் தூக்கினால் அவளும் போவாள். இவருக்குப் புரியாத, அவளுக்கு மட்டும் புரிகிற வார்த்தை வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்குள் இத்தனை வருஷம் பேசித் தேய்ந்த வார்த்தை...

"ஒண்ணுமில்லே இவளே," என்றான். "ஒரு சின்ன வேலை. ஆரஞ்சு வயர்ல கை வெச்சுக்கிட்டிருக்கேன். இரு, ஷட்டரைத் தூக்கறேன்."

"ஆரஞ்சு வயர்லயா?"

"ஆமா. உன்னை மாதிரியே."

"சரி... மெதுவாத் தூக்குங்க. நான் எங்க போகப்போறேன்."

குடோன்காரர் அவனை ஷட்டர்வரை இழுத்துக்கொண்டு போனார். கேபிளை இடது கையில் சுற்றிக்கொண்டு, வலக் கையில் ஸ்பேனரை ஓங்கிப் பிடித்துக்கொண்டு, ஷட்டரைத் தூக்கு என்று டப்பாவுக்குக் கண்ணால் சொன்னார். டப்பா முறிந்த விரலோடு குனிந்தான். மெதுவாக. மிக மெதுவாக. ஷட்டர் ஒரு முழம் ஏறியது.

வெளியே வெயில்தான் இருந்தது. கால்கள் இல்லை!

குடோன்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

பின்னால் தாழ்ப்பாள் மேலே தூக்கப்பட்டது. இடப்பக்கம் நெட்டப்பட்டது. பழகின கைக்குச் சத்தமே கேட்காது.

அவள் அன்று காலை பார்ட்ஸ் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். வேறு ஒரு வண்டிக்காக வாங்கிவந்தது கையிலேயே இருந்தது. பத்து இஞ்ச் ஊஃபர் ஸ்பீக்கர். அதன் முதுகில் இருக்கிற காந்தம் மட்டுமே கைக்குழந்தை கனம். அட்டைப் பெட்டியை வழியிலேயே உதறிவிட்டு, காந்தப் பக்கத்தை முன்னால் வைத்துத் தலைக்கு மேல் தூக்கினாள்...

ணங்!

குடோன்காரர் ஷட்டரில் முட்டி விழுந்தார். சாதாரண ஆளாயிருந்தால் அத்தோடு கணக்கு தீர்ந்திருக்கும். அவரோ விழுந்த இடத்திலிருந்தே ஸ்பேனரை வீசினார். அது அவள் முழங்காலில் பட்டது. அவள் சுருண்டு விழுந்தாள். அவர் எழுந்தார். முகமெல்லாம் ரத்தம். அவள் தலைமயிரைப் பற்றித் தூக்கி, அவளுடைய வலது கையைக் காலுக்கடியில் போட்டு மிதித்து, ஸ்பேனரை ஓங்கி...

மிதித்த மிதியிலேயே வளையல்கள் நொறுங்கின.

டப்பாவுக்குக் கழுத்தில் கேபிள், கையில் முறிந்த விரல். ஆனால் மேஜையில் ஈயம் உருக்கும் கம்பி காலையிலிருந்து சுவிட்ச் போட்டபடியே செந்தணலாக இருந்தது. மின்சாரத்தை வீணாக்குவதாக அவள் தினமும் திட்டுகிற அதே கம்பி.

எடுத்தான். பாய்ந்தான். குடோன்காரரின் கழுத்தில் பதித்தான்!

சுர்ர்ர்ர்...

குடோன்காரர் மாடு மாதிரி அலறினார். ஸ்பேனர் எகிறிப்போய் விழுந்தது. தோல் கருகும் நாற்றம் கடையை நிறைத்தது. அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடுங்கப் பார்த்தார். அவள் தவழ்ந்துபோய் ஊஃபரை எடுத்து வந்தாள். இந்தத் தடவை குறி பார்த்து இறக்கினாள்.

ணங்!

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். குடோன்காரரின் மூக்கில் ரத்தக் குமிழ் ஊதி ஊதி உடைந்தது. உயிர் இருந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த டேப் சுருளை எடுத்து, அவர் கைகளைப் பின்னால் வளைத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றான் டப்பா.

"பட்டப்பகல்ல நீங்க ஷட்டரை இறக்கினதே அதிசயம். ஆரஞ்சு வயர்ல கை வெச்சேன்னு வேற சொன்னீங்க. கழுத்துல கத்தி வெச்சாக்கூட நீங்க அதைத் தொடமாட்டீங்க. அப்ப கத்தியைவிடப் பெரிசா ஏதோ வெச்சிருக்காங்கன்னு பின்பக்கம் ஓடிவந்தேன்."

டப்பா கழுத்துக் கேபிளை அவிழ்த்துவிட்டு, டேப்பைக் கண்டதிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டான். "ஏன்டி வெச்சே அந்தப் போனை? இந்த ஆளு காருக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"எந்த ஆளு? எந்தக் காரு?" என்று திரும்பியவளின் கண்ணில் அப்போதுதான் கார்க் கதவோரம் சரிந்து கிடந்த சம்மட்டி பட்டான். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ... இவரா?"

"தெரியுமா உனக்கு?"

"இவர்தானே வெக்கச் சொன்னாரு!"

அவள் சொல்லிமுடித்தாள். டப்பா தன் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போயிருந்த நாளில், சம்மட்டி இந்தக் காரைத் தனியாகக் கொண்டுவந்தான். முதலாளியம்மாவும் தானும் சேர்ந்து முதலாளியை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறோம், அவர் வாயாலேயே எல்லாம் வரவேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றான். பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் டேப் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்டகூடச் சொல்லலே?"

"உங்ககிட்டச் சொல்றதும் ஒலிபெருக்கியில சொல்றதும் ஒண்ணுதானே."

டப்பா சம்மட்டியைப் பார்த்தான். வாழ்க்கையில் முதல்முறையாக, மனசறிந்து, ஓர் அப்பாவி மேல் அபாண்டமாகப் பழி போட்டான். அந்தப் பழி அட்சரம் பிசகாமல் உண்மை!

பாவம், அவன் கடைசியில் சொன்னதும் உண்மைதான். இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் போட்ட பழியில் பொய் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் ஒருவன் செத்துப்போனான்.

"ஹலோ..."

இரண்டு பேரும் துள்ளிவிட்டார்கள்.

"ஹலோ... யாராவது இருக்கீங்களா?"

கார் சீட்டிலிருந்து. குடோன்காரர் விட்டெறிந்த போன்! எறிந்தாரே தவிர, அணைக்கவில்லை. இவ்வளவு நேரமும் லைன் திறந்தே கிடந்திருக்கிறது. டப்பா எடுத்தான்.

மறுமுனையில் ஒரு பெண் குரல். அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வந்த குரல். குடோன்காரர் மனைவி. எல்லாவற்றையும் கேட்டதாகவும், எல்லாம் பதிவாகியிருப்பதாகவும், இன்னொரு போனில் போலீஸைக் கூப்பிட்டாகிவிட்டதாகவும் சொன்னாள். பிறகு தயங்கினாள்.

"அந்தத் தம்பி...?"

"போயிட்டாரும்மா."

"எங்க வீட்டுக்காரர்?"

"இருக்காரும்மா. மூச்சு ஓடுது."

"மாறி நடந்திருக்கலாம்," என்றாள் அந்த அம்மாள். போனை வைத்துவிட்டாள்.

தூரத்தில் சைரன் கேட்டது. டப்பா முறிந்த விரலை மடியில் தாங்கிக்கொண்டு, தன் மனைவி குடோன்காரரின் மணிக்கட்டில் டேப்பை அறுப்பதைப் பார்த்தான். அறுத்த நுனியை அவள் நிதானமாக, கச்சிதமாக, முக்கோணமாக மடித்தாள்.

"இதுலயுமாடி?"

"போலீஸ்காரங்க பிரிக்கணுமில்லே? அவங்களுக்கு மட்டும் நகம் இல்லையா?"

டப்பாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாம, இன்னிக்குக் குடும்பத்தோட பரலோகம் போகப் பார்த்தோமே இவளே!"

"தெரிஞ்சிருந்தா டிஸ்ப்ளே மங்கியிருக்காது. மங்காட்டி இந்த ஆளு மாட்டியிருக்க மாட்டான்," என்றாள் அவள், ரத்தம் பட்ட கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே. "டார்ச் வாங்கித் தராத கஞ்சன்னு உங்களைத் திட்டினேன் பாருங்க... அதை வாபஸ் வாங்கிக்கறேன்!"